உப்பு முதலில், ஜெல் பிறகு: மின்கலக் கேள்வி–பதில்

அகர், அல்ஜினேட், கைட்டோசான், ஜெலட்டின், ஸ்டார்ச், செல்லுலோஸ். கடற்பாசி, இறால் ஓடு, எலும்பு, தாவரம் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் இந்த நீள்சங்கிலி மூலக்கூறுகளை உயிரிப் பாலிமர்கள் என்கிறோம். இவற்றில் பல தம் எடையைப் போல் முப்பது மடங்கு நீரைக்கூடப் பிடித்துக்கொண்டு ஜெல்லாக நிற்கும். அந்த நீரில் உப்பு கரைந்திருந்தால் அதுவே மின்பகுளி, அதாவது அயனிகள் வழியாக மின்சாரத்தைக் கடத்தும் பொருள். இது குறித்து வந்த கேள்விகளில் செய்முறை சார்ந்தவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: “கடற்பாசியில் இயங்கும் பேட்டரி” என்று செய்தி படித்தேன். பாசி எப்படி மின்சாரத்தைச் சேமிக்கும்?

சேமிக்காது. ஆற்றல் இருப்பது மின்முனைகளில். துத்தநாகத் தகட்டிலும் மாங்கனீசு டை ஆக்சைடிலும், சூப்பர் கெப்பாசிட்டர் (வேதிவினை இல்லாமல் மின்னூட்டத்தைக் கரியின் மேற்பரப்பில் சேர்த்துவைக்கும் கருவி) என்றால் கரித்தூளின் நுண்துளைகளிலும் அது இருக்கிறது. நடுவில் உள்ள ஜெல் அயனிகளுக்கு வழிவிடுகிறது, இரண்டு மின்முனைகளும் முட்டிக்கொள்ளாமல் விலக்கி வைக்கிறது, நீர்மம் ஒழுகாமல் பார்த்துக்கொள்கிறது. ஜெல்லில் பாசிப்பொருள் நூற்றுக்கு 2 அல்லது 3 பங்குதான். மிச்சமெல்லாம் நீரும் உப்பும். தலைப்பு எழுதுகிறவர்களுக்கு இந்த விகிதம் ஒரு பொருட்டில்லை போலிருக்கிறது.

புதுமையும் இல்லை. லெக்லான்ஷே 1866இல் உருவாக்கிய மின்கலம் ஜாடியில் நீர்மம் ததும்பும் வகை. கார்ல் காஸ்னர் 1886இல் அம்மோனியம் குளோரைடைப் பாரிஸ் சாந்தோடு குழைத்து உலர் மின்கலத்துக்குக் காப்புரிமை பெற்றார். சாந்தின் இடத்தைப் பின்னாளில் மாவும் ஸ்டார்ச்சும் பிடித்தன. அந்த ஸ்டார்ச் பசைதான் பல தலைமுறை டார்ச் பேட்டரிகளில் மின்பகுளியைத் தாங்கியது. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வளைகுழாயில் ஊற்றி வைக்கும் உப்புப் பாலம், பொட்டாசியம் குளோரைடு கலந்த 3 சதவீத அகர் ஜெல்தான். உங்கள் கைப்பேசியின் லித்தியம் அயனி மின்கலத்திலும் பெரும்பாலும் ஓர் உயிரிப் பாலிமர் உண்டு. கிராஃபைட் தூளைச் செம்புத் தாளோடு ஒட்டவைக்க, செயற்கை ரப்பர் பாலோடு சேர்த்துக் கார்பாக்சிமெதில் செல்லுலோஸைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அங்கே அது பசை, மின்பகுளி அல்ல.

கேள்வி: எந்தப் பாலிமர் சிறந்தது? அகரா, அல்ஜினேட்டா, கைட்டோசானா?

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். உங்கள் மின்கலத்துக்கு எந்த உப்பு வேண்டும் என்பதை மின்முனைகள் தீர்மானித்துவிடும். அந்த உப்போடு எந்தப் பாலிமர் ஒத்துப்போகும் என்பதே அடுத்த கேள்வி. இந்த வரிசையை மாற்றியதால் வந்த தொல்லைகள்தான் எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதி.

துத்தநாக சல்ஃபேட் என்றால் அகரும் அல்ஜினேட்டும் முன்னணியில் நிற்கும். அகரின் முதுகெலும்பான அகரோஸுக்கு மின்னூட்டம் கிடையாது. உலோக அயனியை அது பிடித்து வைத்துக்கொள்ளாது. சூட்டில் கரைந்து, ஆறினால் சங்கிலிகள் முறுக்கிக்கொண்டு ஜெல்லாகிவிடும். அல்ஜினேட் நேர்மாறானது. அதன் கார்பாக்சில் குழுக்களை இரட்டை நேர்மின்னூட்டம் கொண்ட கால்சியமோ துத்தநாகமோ இரண்டிரண்டாக இணைத்துவிடும். அதாவது மின்பகுளியின் துத்தநாகமே ஜெல்லைக் கட்டும் ஆணியாகிறது. தனியாகக் கால்சியம் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை.

பொட்டாசியம் உப்பு என்றால் கப்பா-கராஜீனன். பொட்டாசியம் அயனி இருந்தால்தான் அது கெட்டியான ஜெல் தரும், சோடியத்தில் தளர்ந்து கிடக்கும். பொட்டாசியம் குளோரைடு எடுத்தீர்களானால் துருப்பிடிக்காத எஃகை மறந்துவிடுங்கள். குளோரைடு அதில் குழி குழியாக அரிக்கும். கிராஃபைட் தாளுக்கு மாறுங்கள்.

செறிந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு உயிரிப் பாலிமர்களுக்குப் பகை. அல்ஜினேட், பெக்டின் சங்கிலிகள் காரத்தில் அறுந்துபோகும். ஜெலட்டின் புரதமாதலால் சிதைந்து நீர்த்துவிடும். அகர் ஓரளவு தாக்குப்பிடிக்கும். நீண்ட நாள் உழைக்க வேண்டிய காரக் கலம் என்றால் பாலிவினைல் ஆல்கஹாலோ பாலிஅக்ரிலிக் அமிலமோ நல்லது. இரண்டும் செயற்கைப் பாலிமர்கள்தான். ஆனாலும் உண்மை அதுதான்.

ஜெலட்டின் 30 முதல் 35 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். சட்டைப்பையில் வைத்தாலே ஜெல் கூழாகும். குளூட்டரால்டிஹைடு போன்றவற்றால் குறுக்குப் பிணைத்தால் மட்டுமே அதைப் பற்றி யோசிக்கலாம். அகர் இந்த வகையில் சுகமான பொருள். ஏறக்குறைய 35 டிகிரியில் உறையும், மறுபடி உருக 85 டிகிரிக்கு மேல் வேண்டும்.

செறிந்த துத்தநாகக் குளோரைடு பற்றி ஓர் எச்சரிக்கை. 65–70 சதவீத அளவில் அது செல்லுலோஸையே கரைக்கும். வடிதாளைப் பிரிப்பானாக வைத்து அதில் ஊறவிட்டால் தாள் வழவழவென்று கரைந்து மின்முனைகள் முட்டிக்கொள்ளும். இதே குணத்தைப் பயன்படுத்திச் செல்லுலோஸ் ஜெல் செய்வதும் உண்டு. தெரிந்து செய்தால் செய்முறை, தெரியாமல் செய்தால் குறுக்குச்சுற்று.

கேள்வி: மீண்டும் மின்னேற்றக்கூடிய தட்டையான துத்தநாக–மாங்கனீசு மின்கலம் ஒன்றை அகர் ஜெல்லில் செய்ய விரும்புகிறேன். அளவுகளோடு சொல்லுங்கள்.

2 செ.மீ.க்கு 3 செ.மீ. அளவுள்ள ஒரு கலத்துக்கு எழுதுகிறோம். எல்லாவற்றுக்கும் வாலைவடிநீர் மட்டுமே. குழாய்நீரின் குளோரைடு தொடக்கத்திலேயே அரிப்பைக் கொண்டுவந்துவிடும்.

முதலில் மின்பகுளிக் கரைசல். துத்தநாக சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட் 57.5 கிராம், மாங்கனீசு சல்ஃபேட் மோனோஹைட்ரேட் 1.7 கிராம். இரண்டையும் கரைத்து மொத்தக் கொள்ளளவை 100 மி.லி. ஆக்குங்கள். 100 மி.லி. நீரில் போடுவது வேறு, 100 மி.லி. ஆக்குவது வேறு. படிகத்துக்குள்ளேயே ஏறக்குறைய 25 கிராம் நீர் ஒளிந்திருக்கிறது. கிடைப்பது 2 மோலார் துத்தநாகமும் 0.1 மோலார் மாங்கனீசும். மாங்கனீசு உப்பு வீண் அலங்காரம் அல்ல. நேர்மின்முனையிலிருந்து மாங்கனீசு கரைந்து வெளியேறுவதை அது மட்டுப்படுத்துகிறது.

அடுத்து ஜெல். இங்கே பலரும் உப்புக் கரைசலிலேயே அகரைப் போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள். அதில் இரண்டு பிழைகள். சல்ஃபேட் அயனி நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால் அகர் சரியாகக் கரையாமல் திரிதிரியாக நிற்கும். கரைசலின் பி.எச். 4 அருகில் இருப்பதால், கொதிக்கக் கொதிக்க அகர்ச் சங்கிலிகள் அறுபட்டு ஜெல் வலுவிழக்கும். எனவே வெறும் நீரில் ஜெல் செய்து, பிறகு உப்பில் ஊறவிடுங்கள். 3 கிராம் அகரை 100 மி.லி. குளிர்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, வெந்நீர்த் தொட்டியில் 95 டிகிரியில் முற்றிலும் தெளியும் வரை கிளறுங்கள். பொடி மிதந்தால் இன்னும் ஆகவில்லை என்று பொருள். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நுண்ணோக்கிச் சில்லுகளை இடைவெளிக் கட்டையாக வையுங்கள். அவை 1 மி.மீ. தடிமன் கொண்டவை, தனியாக எதையும் தேட வேண்டாம். தகடுகளை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கவில்லை என்றால் ஊற்றியவுடனே அலை அலையாக உறைந்துவிடும்.

உறைந்த தாளை 2.4 செ.மீ.க்கு 3.4 செ.மீ. என்று மின்முனையைவிடச் சற்றே பெரிதாக வெட்டி, ஜெல்லின் கொள்ளளவைப் போல் 20 மடங்கு மின்பகுளியில் போடுங்கள். 1 மி.மீ. தாளுக்கு 3 மணி நேரம் தாராளம். அயனி ஊடுருவும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்ப வளரும். 2 மி.மீ. தாள் என்றால் நான்கு மடங்கு காத்திருக்க வேண்டும். நடுவில் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். தாள் சற்றுச் சுருங்கும், கவலை வேண்டாம்.

நேர்மின்முனைக்கு மாங்கனீசு டை ஆக்சைடு 0.7 கிராம், கார்பன் பிளாக் 0.2 கிராம். இரண்டையும் உரலில் கால் மணி நேரம் உலர்வாக அரைத்த பிறகு, 2 சதவீதக் கார்பாக்சிமெதில் செல்லுலோஸ் கரைசல் 5 மி.லி. சேருங்கள். அதில் உள்ள பசை 0.1 கிராம். கிராஃபைட் தாளில் மெல்லப் பூசி 60 டிகிரியில் இரவு முழுதும் உலரவிடுங்கள். சதுர செ.மீ.க்கு 5 மி.கி. மாங்கனீசு ஆக்சைடு படிந்தால் போதும். செம்பும் அலுமினியமும் இந்தப் பக்கத்துக்கு ஆகாது, இரண்டும் அரிபடும்.

எதிர்மின்முனை 0.1 மி.மீ. துத்தநாகத் தாள். உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலில் துடைத்தால் போதும்.

அடுக்கும்போது ஒரு படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஜெல் திடப்பொருள். அது தானாக நேர்மின்முனையின் துளைகளுக்குள் இறங்காது. கரைசலை இரண்டு மூன்று சொட்டு அந்த மின்முனைமேல் விட்டு, பத்து நிமிடம் உறிஞ்சவிட்டு, மிகுந்ததை வடிதாளால் ஒற்றி எடுத்த பின்பே ஜெல்லை வையுங்கள். இதைச் செய்யாத கலம் மின்னழுத்தம் காட்டும், மின்னோட்டம் தராது.

கிடைப்பது என்ன? மின்சுற்று திறந்திருக்கையில் 1.3 முதல் 1.5 வோல்ட். 6 சதுர செ.மீ.யில் 30 மி.கி. மாங்கனீசு ஆக்சைடு இருக்கிறது. கொள்கையளவில் கிராமுக்கு 308 மில்லி ஆம்பியர் மணி. நடைமுறையில் பாதி கிடைத்தாலே நல்ல வேலை. அதாவது சுமார் 4 முதல் 5 மில்லி ஆம்பியர் மணி. துத்தநாகத் தாளிலோ 350க்கு மேல் இருக்கிறது, அது தீரப்போவதில்லை. 1 மில்லி ஆம்பியரில் ஏற்றி இறக்குங்கள். மேலே 1.8 வோல்ட், கீழே 1.0 வோல்ட் எல்லை. ஒரே கலத்தால் சிவப்பு எல்.இ.டி. எரியவில்லை என்று எழுதாதீர்கள். அதற்கு 1.8 வோல்ட் அளவில் தேவை, இரண்டு கலங்களைத் தொடராக இணைக்க வேண்டும்.

கேள்வி: மூன்றே நாளில் ஜெல் சுருங்கி ஓரங்கள் தூக்கிக்கொள்கின்றன. கிளிசரின் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் அது இரண்டாவது மருந்து. முதல் மருந்து அடைப்பு. சாதாரண லேமினேஷன் பிளாஸ்டிக் நீராவியை மெல்ல மெல்ல வெளியே விடும். நடுவில் அலுமினிய அடுக்கு உள்ள பை வேண்டும். அதில் மின்இணைப்புப் பட்டைகள் வெளிவரும் இடத்தில் பட்டை அலுமினியத்தைத் தொட்டுவிடாதபடி வெப்பத்தில் ஒட்டும் படலத்தைச் சுற்றுங்கள். ஒட்டும் விளிம்புக்கும் ஜெல்லுக்கும் இடையே 5 மி.மீ.யாவது காலியிடம் விடுங்கள். ஈரம் பட்ட விளிம்பு ஒட்டியதுபோலத் தெரியும், ஒட்டியிருக்காது. அடைத்த கலத்தைத் தினமும் எடைபோட்டுக் குறித்து வைத்தால், கசிவு கண்ணுக்குத் தெரியுமுன் தராசு காட்டிக்கொடுக்கும்.

கிளிசரினை நீரில் 10 முதல் 20 சதவீதம் வரை மாற்றீடாகச் சேருங்கள். மேலே போகப்போகக் கரைசல் பாகுத்தன்மை ஏறி, அயனிகள் தடுமாறி, கடத்துதிறன் இறங்கும். இன்னொன்று: ஜெல்லில் மட்டும் கிளிசரின் கலந்து, வெறும் உப்புநீரில் ஊறவைத்தால் கிளிசரின் முழுதும் வெளியேறிவிடும். ஊறவைக்கும் கரைசலிலும் அதே அளவு இருக்க வேண்டும்.

லித்தியம் குளோரைடு, துத்தநாகக் குளோரைடு போன்ற ஈரமிழுக்கும் உப்புகள் காற்றிலிருந்தே நீரைப் பிடித்துவைக்கும். உங்கள் மின்முனையும் உலோகத் தாளும் குளோரைடைத் தாங்குமா என்பதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.

கேள்வி: சோடியம் சல்ஃபேட்–அகர் ஜெல்லில் பூஞ்சை. உணவுக்குப் போடும் சோடியம் பென்சோயேட் சேர்த்தும் வருகிறதே?

பென்சோயேட் வேலைசெய்வது அமில நிலையில். அதன் அமில வடிவம்தான் பூஞ்சையின் செல்லுக்குள் புகும். பென்சாயிக் அமிலத்தின் பி.கே. மதிப்பு, அதாவது அமில வடிவும் அயனி வடிவும் சரிபாதியாக இருக்கும் பி.எச்., 4.2. உங்கள் ஜெல் பி.எச். 7 அருகில் இருப்பதால் சேர்த்ததில் ஏறக்குறைய எல்லாமே பயனற்ற அயனி வடிவில் கிடக்கிறது. வேண்டியது சுத்தமும் அடைப்பும்தான். சூடாக இருக்கும்போதே ஊற்றி, மூடி, கையால் தொடாமல், செய்த அன்றே பையில் அடையுங்கள். 2 மோலார் துத்தநாக ஜெல்லில் இந்தத் தொல்லை குறைவு. துத்தநாகமே பூஞ்சைக்கு ஆகாது.

குளிர்ந்த இடத்தில் வைத்தால் இன்னொன்றையும் பார்ப்பீர்கள். சோடியம் சல்ஃபேட்டின் கரைதிறன் குளிரில் கடுமையாகச் சரியும். 100 கிராம் நீரில் 20 டிகிரியில் 19 கிராம் அளவு கரைவது, 0 டிகிரியில் 5 கிராமுக்கும் கீழே போகும். 1 மோலார் என்பது 100 மி.லி.க்கு 14.2 கிராம். ஜெல்லுக்குள் ஊசிப் படிகங்கள் தோன்றினால் அது பூஞ்சை அல்ல, உப்பு.

கேள்வி: கைட்டோசான் படலத்தைத் துத்தநாகத் தகட்டில் வைத்தால் குமிழ்கள் வருகின்றன. சில நாளில் பை உப்பிவிடுகிறது.

அந்தக் குமிழ் ஹைட்ரஜன். கைட்டோசானைக் கரைக்க நீங்கள் சேர்த்த அசிட்டிக் அமிலம் படலத்துக்குள்ளேயே தங்கிவிட்டது, அது துத்தநாகத்தைத் தின்கிறது. உலர்த்தினால் அமிலம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். அது கைட்டோசானின் அமினோ குழுவோடு உப்பாகப் பிணைந்து கிடக்கும்.

2 கிராம் கைட்டோசானை 1 சதவீத அசிட்டிக் அமிலம் 100 மி.லி.யில் இரவு முழுதும் கலக்கி, கரையாத துகள்களைத் துணியில் வடியுங்கள். 9 செ.மீ. பெட்ரித் தட்டில் 20 மி.லி. ஊற்றி 50 டிகிரியில் உலர்த்தினால் சுமார் 45 மைக்ரோமீட்டர் படலம். அதைத் தட்டோடு 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில், அதாவது 100 மி.லி.க்கு 4 கிராம், ஒரு மணி நேரம் மூழ்கவைத்து, கழுவும் நீர் நடுநிலைக்கு வரும் வரை கழுவுங்கள். கண்ணாடியும் கையுறையும் அணிந்து செய்ய வேண்டிய வேலை. காரம் மிச்சமிருந்தால் துத்தநாகக் கரைசலில் போட்டவுடன் வெள்ளைப் படிவு மூடும்.

இப்போது ஒரு கூர்மையான வாசகர் கேட்கலாம்: கைட்டோசான் பி.எச். 6.5க்குக் கீழே கரையுமே, துத்தநாக சல்ஃபேட்டின் பி.எச். 4இல் கரையாதா? சல்ஃபேட்டில் கரையாது. இரட்டை எதிர்மின்னூட்டம் கொண்ட சல்ஃபேட் அயனி சங்கிலிகளைக் கவ்விப் பிடிக்கும். அதே படலத்தைக் குளோரைடு அல்லது அசிட்டேட் உப்பில் அதே பி.எச்.சில் போட்டால் அந்தப் பிடி கிடைக்காது, படலம் கொழகொழத்துப் போகும்.

அமிலத்தை நீக்கிய பிறகும் கொஞ்சம் வாயு வரத்தான் செய்யும். நீர்சார்ந்த துத்தநாகக் கலத்தின் கூடப்பிறந்த நோய் அது. ஹைட்ரஜன் வெளியேறும் இடத்தில் காரத்தன்மை ஏறி, தகட்டில் வெண்மையான துத்தநாக ஹைட்ராக்சைடு சல்ஃபேட் செதில்கள் படியும்.

கேள்வி: அல்ஜினேட் ஜெல்லைக் கால்சியம் குளோரைடில் கெட்டியாக்கி, சோடியம் சல்ஃபேட்டில் ஊறவைத்தேன். பால்போல் வெளுத்து, பிறகு தளர்ந்தும் போனது.

ஜெல்லுக்குள் நீங்கள் செய்தது ஜிப்சம். கால்சியமும் சல்ஃபேட்டும் சந்தித்தால் கால்சியம் சல்ஃபேட் படியும், லிட்டருக்கு இரண்டரை கிராம் அளவுகூடக் கரையாது. ஆணியாக நின்ற கால்சியம் அப்படிக் கழன்றுபோக, அதன் இடத்தில் சோடியம் உட்கார, சோடியத்தால் இரண்டு சங்கிலிகளைப் பிடிக்க முடியாது. தளர்ந்துவிட்டது. சோடியம் சல்ஃபேட்தான் வேண்டும் என்றால் அகருக்கு மாறுங்கள். அல்ஜினேட்தான் வேண்டும் என்றால் துத்தநாக சல்ஃபேட்டுக்கு மாறுங்கள்.

அப்படி மாறும்போது 2 சதவீத அல்ஜினேட் கரைசலை இரவு முழுதும் வைத்துக் குமிழ்கள் ஏறிப்போன பின் தட்டில் பரப்புங்கள். உப்புக் கரைசலை மேலேயிருந்து ஊற்றினால் ஊற்றிய இடத்தில் பள்ளமும் தோலும் விழும். கரைசலில் நனைத்த வடிதாளை மேலே விரித்து, மேற்பரப்பு பிடித்த பிறகு முழுதாக மூழ்கடியுங்கள். கட்டும்போது சுருங்கிச் சுருளும். இரண்டு பிளாஸ்டிக் வலைகளுக்கு நடுவே வைத்தால் தட்டையாக இருக்கும்.

கேள்வி: ஜெல்லின் மின்தடையை மல்டிமீட்டரில் அளந்தால் எண் ஓடிக்கொண்டே இருக்கிறது. எது சரியான மதிப்பு?

எதுவுமே இல்லை. மல்டிமீட்டர் நேர்மின்னோட்டம் செலுத்துகிறது. அயனிகள் இரு முனைகளிலும் போய்க் குவிய, மீட்டர் அந்தக் குவியலை அளக்கிறது. மாறுமின்னோட்டம் வேண்டும். மின்மறுப்பு நிறமாலைக் கருவியில் (பல அதிர்வெண்களில் மாறுமின்னோட்டம் செலுத்தி அளக்கும் கருவி) 100 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 1 ஹெர்ட்ஸ் வரை ஓட்டி, உயர் அதிர்வெண் பக்கம் வரைபடக் கோடு கிடையான மெய்யச்சைத் தொடும் மதிப்பை எடுங்கள். அந்தக் கருவி இல்லாதவர்கள் எல்.சி.ஆர். மீட்டரை 10 அல்லது 100 கிலோ ஹெர்ட்ஸில் வைத்தால் அருகில் வரும்.

கடத்துதிறன் என்பது தடிமனை, மின்தடையையும் பரப்பையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தது. 0.5 மி.மீ. ஜெல், 1 சதுர செ.மீ., 5 ஓம் என்றால் 0.05ஐ 5ஆல் வகுக்க, செ.மீ.க்கு 0.01 சீமென்ஸ், அதாவது 10 மில்லி சீமென்ஸ். தடிமனை அழுத்திய நிலையில் அளங்கள். தட்டில் கிடந்த 1 மி.மீ. ஜெல் பிடிப்பானுக்குள் 0.7 ஆகியிருக்கலாம், பிழை முழுதும் விடையில் வந்து உட்காரும். கம்பிகளின் மின்தடையைத் தனியே அளந்து கழிக்கவும் மறக்காதீர்கள். 5 ஓமில் அரை ஓம் என்பது பத்து சதவீதம்.

கேள்வி: சூப்பர் கெப்பாசிட்டர் செய்தேன். மின்முனைக்குக் கிராமுக்கு 200 ஃபாரட் வந்தது. கடையில் கிடைப்பதைவிட இது மேல்தானே?

கணக்கைப் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்போம். உங்கள் கருவி 0.5 ஃபாரட், இரு பக்கக் கரியும் சேர்த்து 10 மி.கி. என்று எழுதியிருக்கிறீர்கள். கருவிக்குக் கிராமுக்கு 50 ஃபாரட். இரண்டு மின்முனைகள் தொடராக இருப்பதால், ஒரு மின்முனைக்கு அதை நான்கால் பெருக்கி 200 என்று எழுதுவது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் ஆற்றல் கணக்குக்கு 50ஐத்தான் எடுக்க வேண்டும். மின்னழுத்தத்தின் இருமடியால் பெருக்கி 7.2ஆல் வகுத்தால் கிலோவுக்கு எத்தனை வாட்மணி என்று வரும். 1.6 வோல்ட்டில் 17.8.

இது கரியின் எடைக்கு மட்டும். நீங்கள் வைத்த ஜெல் 1 மி.மீ. தடிமன், 2 சதுர செ.மீ. அதாவது 200 மி.கி.! 10 மி.கி. கரிக்கு 200 மி.கி. ஜெல். இரண்டையும் சேர்த்து வகுத்தால் கிலோவுக்கு 1 வாட்மணிகூடத் தேறாது. கிராஃபைட் தாளும் பையும் இன்னும் கணக்கில் வரவேயில்லை. கடைக் கருவிகளில் கரிப்பூச்சு தடிமன், பிரிப்பான் சில பத்து மைக்ரோமீட்டர் மெல்லிய தாள், கரிம மின்பகுளியால் மின்னழுத்தம் 2.7 வோல்ட். மின்னழுத்தம் இருமடியில் வருவதால் 1.6க்கும் 2.7க்கும் இடையே ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம்.

ஆகவே கடத்துதிறனை இன்னும் ஏற்றுவதில் நேரம் செலவிடாதீர்கள், ஜெல்லை மெலிதாக்குங்கள். மெலிந்த ஜெல் கிழியும் என்பதால் மெல்லிய வடிதாளையோ கண்ணாடி இழைத் தாளையோ சூடான அகரில் தோய்த்து எடுங்கள். 0.2 மி.மீ.க்கு எளிதாக வரலாம். அமிலம் அல்லது காரக் கரைசலில் 1 வோல்ட் அளவோடு நிற்கும் கரி மின்முனை, நடுநிலைச் சல்ஃபேட்டில் 1.6 வரை போகும். ஆனால் அந்த விளிம்பிலேயே ஓட்டினால் நேர்மின்முனைக் கரி மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து கொள்ளளவு தேயும்.

கேள்வி: அதே கார்பாக்சிமெதில் செல்லுலோஸ் பசை. துத்தநாகக் கலத்தில் பிடிக்கிறது, சோடியம் சல்ஃபேட்டில் கரிப்பூச்சு உரிந்து விழுகிறது. ஏன்?

மறுபடி உப்புதான். துத்தநாக அயனி பசையின் கார்பாக்சில் குழுக்களைக் கோத்துப் பிடிக்கிறது, சோடியம் அதைச் செய்யாது. பசை நீரில் ஊறிக் கரைகிறது. பசையின் எடையில் பத்தில் ஒரு பங்கு சிட்ரிக் அமிலம் சேர்த்துப் பூசி, உலர்ந்த பின் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். எஸ்டர் பிணைப்புகள் விழுந்து பசை கரையாததாகும். லித்தியம் மின்கலத்தின் சிலிக்கான் மின்முனைக்கு அல்ஜினேட்டைப் பசையாகப் பயன்படுத்தலாம் என்று 2011இல் கோவலென்கோவும் யூஷினும் குழுவினரும் காட்டியதிலும் கார்பாக்சில் குழுக்களின் பங்கு பெரிது. மின்னேற்றும்போது சுமார் மூன்று மடங்கு விரியும் சிலிக்கானை அவை விடாமல் பற்றுகின்றன.

கேள்வி: லித்தியம் அயனி மின்கலத்தில் அகர் ஜெல் ஊற்றலாமா?

கூடாது. அங்கே நீர் நஞ்சு. லித்தியம் ஹெக்ஸாஃப்ளூரோஃபாஸ்பேட் நீரைக் கண்டால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு தரும். அந்தத் துறையில் உயிரிப் பாலிமர் ஜெல் என்றால், வெற்றிடத்தில் முழுதும் உலர்த்திய செல்லுலோஸ் படலத்தை ஈரமற்ற அறைப்பெட்டிக்குள் கரிம நீர்மத்தில் ஊறவைப்பது என்று பொருள். வீட்டு மேசைக்கான வேலை அல்ல. இருக்கும் மின்கலத்தைத் திறந்து பார்க்கவே வேண்டாம்.

கேள்வி: ஜெல் இருந்தால் துத்தநாக ஊசிக்கிளைகள் வளராது என்கிறார்களே?

தாமதமாகும், நிற்காது. மின்னேற்றும்போது தகட்டிலிருந்து ஊசிபோல் நீளும் துத்தநாகப் படிவுதான் இந்தக் கிளை. சதுர செ.மீ.க்கு 1 மில்லி ஆம்பியர் மணி துத்தநாகம் சீராகப் படிந்தால் அடுக்கின் தடிமன் 1.7 மைக்ரோமீட்டர்தான். 1 மி.மீ. ஜெல்லைத் துளைத்து அது மறுபக்கம் வந்ததென்றால் படிவு ஒரே புள்ளியில் குவிந்திருக்கிறது. ஜெல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே காற்றுக்குமிழ் இருந்தால் மின்னோட்டம் அதன் ஓரங்களில் நெருக்கியடித்துப் பாயும், கிளை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஜெல்லை ஒரு விளிம்பிலிருந்து மெல்ல உருட்டிப் படியவையுங்கள். இரு பக்கமும் தட்டையான தகடு வைத்துச் சீராக அழுத்துங்கள். மின்னேற்றும்போது மின்னழுத்தக் கோடு திடீரென்று கீழே குதித்து நடுங்கினாலோ, இறக்கியதைவிட ஏற்றியது மிகுந்துகொண்டே போனாலோ உள்ளே கிளை தொட்டுவிட்டது. அந்தக் கலத்தை மேலும் ஏற்ற வேண்டாம்.

கேள்வி: இயற்கைப் பொருள்தானே, பயன்படுத்திய பின் தோட்ட மண்ணில் புதைத்துவிடலாமா?

அகர் மட்கும், துத்தநாகம் மட்காது. 1 மி.மீ. தடிமனில் ஒரு சதுர செ.மீ. ஜெல்லில் அகர் 3 மி.கி., துத்தநாகம் 13 மி.கி. மீன்களுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் அது நஞ்சு. சாக்கடையிலும் விடக்கூடாது. ஊறவைத்த கரைசலை மூடிய புட்டியில் பெயரெழுதி வைத்து அடுத்த தாளுக்குப் பயன்படுத்துங்கள், பலமுறை வரும். தீர்ந்துபோன ஜெல்லையும் தகட்டையும் உலரவிட்டு, பழைய பேட்டரிகளைச் சேகரிக்கும் இடத்தில் சேருங்கள். உலரவிடும்போது நேர்மின்முனையையும் துத்தநாகத்தையும் பிரித்து வையுங்கள்.